மறு: அப்ஸ்கேலிங் – தெளிவேற்றமா, புள்ளிப்பெருக்கமா, நிரவலா?

அன்புள்ள குழுவினருக்கு,

வீட்டுத் திரைக் கருவிகளுக்கான கலைச்சொல் பட்டியலில் ஹெச்டிக்கு 'உயர்தெளிவு', பிக்சலுக்குப் 'படப்புள்ளி', ரெசொல்யூஷனுக்குப் 'பிரிதிறன்' என்று முடிவாகிவிட்டது. மிச்சம் இருப்பது அப்ஸ்கேலிங், அதாவது குறைந்த பிரிதிறன் படத்தைப் பெரிய பிரிதிறன் திரைக்கு ஏற்ப விரிப்பது. 'தெளிவேற்றம்' என்று போட்டுவிடலாமா? பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் டிவிடி பிளேயர் பெட்டியிலேயே '1080பி அப்ஸ்கேலிங்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இது இருந்தால் புளூ-ரே (உயர்தெளிவு வட்டு) எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்லிலேயே பதில் கிடைத்தால் நல்லது.

– அல்சூர்

* * *

> 'தெளிவேற்றம்' என்று போட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா. பெட்டியில் அச்சடிப்பவர் நம்மை எதை நம்பவைக்கப் பார்க்கிறாரோ, அதை நாமே தமிழில் எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். நம்மூர் 'பால்' (PAL) ஒளிபரப்பு முறை டிவிடியில் ஒரு சட்டகம் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள். முழு உயர்தெளிவுத் திரை 1920 × 1080, அதாவது 20,73,600. சரியாக 5 மடங்கு. திரையில் தெரியும் 5 புள்ளியில் 4 புள்ளி வட்டில் இல்லாதவை. பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கருவி ஊகித்துப் போட்டவை. அமெரிக்க முறையான என்டிஎஸ்சி வட்டென்றால் 720 × 480. அங்கே 6 மடங்கு. தெளிவு எங்கே ஏறியது? புள்ளிதான் பெருகியது. ஆகவே 'புள்ளிப்பெருக்கம்' என்கிறேன்.

இன்னொன்று. இந்த வேலையைப் பிளேயர் செய்யாவிட்டாலும் டிவி செய்தே தீரும். இல்லையென்றால் படம் திரையின் நடுவில் சின்னதாக நிற்கும். எனவே இதற்காகப் புது டிவிடி பிளேயர் வாங்குவது வீண். கையில் இருப்பதை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டி, அவுட்புட்டை ஒரு முறை 576பி (576 வரி), ஒரு முறை 1080பி (1080 வரி) என்று வைத்து, படத்தின் முடிவில் ஓடும் பெயர்களின் விளிம்பைப் பாருங்கள். எதில் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு குறைவோ, அதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் டிவியின் ஷார்ப்னஸைக் குறையுங்கள். பாதிக் கோளாறு அங்கேதான். மஞ்சள் ஏவி ஒயரில் பழைய பின்னல்வரிப் படம் (ஒன்றுவிட்டு ஒரு வரியாக வருவது, இன்டர்லேஸ்டு) மட்டுமே போகும், 1080பி போகாது.

32 அங்குல 'ஹெச்டி ரெடி' டிவியில் கூத்து வேறு. திரை 1366 × 768 தான். பிளேயர் 1080க்குப் பெருக்கி அனுப்ப, டிவி அதை 768க்குச் சுருக்கும். இரண்டு முறை அரைத்த மாவு.

– இந்திராநகர்

* * *

'தெளிவேற்றம்' கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் 'புள்ளிப்பெருக்கம்' என்றால் கேமராவில் மெகாபிக்சல் கூடுவதையும் அப்படித்தானே சொல்வார்கள்? எப்படிப் பெருகுகிறது என்பது சொல்லில் இல்லை.

'புள்ளிநிரவல்' பொருந்தும் என்று நினைக்கிறேன். மேட்டையும் பள்ளத்தையும் நிரவுகிறோம். அக்கம்பக்கத்து மதிப்புகளின் சராசரியால் இடைவெளியை நிரப்புவது அதுதான். கச்சேரி கேட்பவர்களுக்கும் சொல் புதிதல்ல: நிரவலில் சாகித்ய வரி ஒன்றுதான், புதிதாக ஒரு சொல்கூடச் சேராது. மறுதலையான டவுன்ஸ்கேலிங்குக்குப் 'புள்ளியொடுக்கம்'.

இனி புளூ-ரே கேள்வி. முழு உயர்தெளிவுத் திரையில் அங்கே நிரவலே வேண்டாம். 1920 × 1080 வட்டிலேயே இருக்கிறது. டிவிடியில் படத்துக்கு நொடிக்கு 9.8 மெகாபிட் உச்சம், புளூ-ரேயில் 40. அதோடு படத்தைச் சுருக்கும் முறை டிவிடியில் எம்பெக்-2, புளூ-ரேயில் பெரும்பாலும் ஹெச்.264, ஒரே அளவு பிட்டில் பின்னதில் கட்டம் கட்டமாக உடைவது குறைவு. நம்மூர் 'மூன்று படம் ஒரே டிவிடி' வகையறாவைச் சொல்லவே வேண்டாம். இரட்டை அடுக்கு 8.5 ஜிபியில் இரண்டரை மணி நேரப் படம் மூன்றைத் திணித்தால் ஒலியும் சேர்த்து நொடிக்கு 2.5 மெகாபிட்தான். அதை எந்தக் கருவி நிரவினாலும் கட்டங்களும் சேர்ந்தே பெரிதாகும். 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு பதித்த அகலத்திரைப் படம் இன்னும் மோசம்: 2.35:1 படத்துக்கு 576 வரியில் 327தான் மிஞ்சும்.

ஆனாலும் எல்லோருக்கும் புளூ-ரே வேண்டியதில்லை. கண் பிரித்தறியும் எல்லையை ஒரு பாகைநிமிடம் (பாகையில் 60இல் ஒரு பங்கு) என்று கொண்டால், 32 அங்குலத் திரையில் டிவிடியின் வரிகளே சுமார் 7.8 அடியில் ஒன்றாகிவிடும். 8 அடி தள்ளி உட்காரும் கூடத்தில் கண்ணுக்குப் பெரிய லாபம் இல்லை. 55 அங்குலத்தில் அந்த எல்லை 13 அடிக்கு மேல். அதே 8 அடியில் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 4கே (3840 × 2160) வட்டின் முழுப் பலனுக்கோ 55 அங்குலத் திரையிலிருந்து மூன்றரை அடியில் உட்கார வேண்டும். நிறத்துக்கும் ஹெச்டிஆருக்கும் (ஒளி-இருள் வீச்சு) வாங்கலாம், புள்ளிக்காக வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வட்டு வாங்கி வருவதாக இருந்தால்: அங்கே புளூ-ரே மண்டலம் ஏ, இங்கே சி. மண்டலப் பூட்டு உள்ள வட்டு இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. 4கே வட்டுக்கு மண்டலம் கிடையாது.

– மர்பி டவுன்

* * *

நிரவல் நன்றாக இருக்கிறது, ஒரே தடை: படச்செயலாக்கத்தில் ஸ்மூத்திங்குக்கும் அதே சொல்லைக் கேட்பார்கள். அதற்கு 'மழுப்பல்' என்று விட்டுவிடலாமா?

– இந்திராநகர்

* * *

'மழுப்பல்' என்றால் அரசியல்வாதி பதில் ஞாபகம் வருகிறது, 'மென்மையாக்கம்' போதும். புள்ளிநிரவல், புள்ளியொடுக்கம் இரண்டையும் பட்டியலில் ஏற்றுகிறேன். பின்னல்வரிகளை முழுச் சட்டகமாக்கும் டீஇன்டர்லேசிங்குக்குப் 'பின்னல்நீக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். வேகமாகக் கை வீசும் காட்சியில் விளிம்பு சீப்புப் பல் போல உடைவதற்கும் ஒரு சொல் வேண்டும். ஞாயிறுக்குள் அனுப்புங்கள்.

– அல்சூர்