ரெண்டு தரம் கரு கலைஞ்சவைக்கு என்ன டெஸ்ட், எப்ப?

கிளினிக்கொப்பி (புதுக்குடியிருப்பு):
தொடர்ந்து ரெண்டு தரம் 8, 9 கிழமையில கரு கலைஞ்ச ஆக்களை எப்ப மேல அனுப்புறது? மூண்டு தரம் ஆகட்டும் எண்டு சிலர் சொல்லுகினம். சிலர் தனியார் லாப்பில டோர்ச் டெஸ்டுக்குக் (ருபெல்லா மாதிரி கருவைப் பாதிக்கிற தொற்றுகளைப் பாக்கிற ரத்தச் சோதனை) காசைக் கொட்டிப்போட்டு ரிப்போட்டோட வருகினம். உண்மையில எது தேவை?

வோட்டுக்கோட்:
மூண்டு மட்டும் காத்திருக்க வேண்டாம். ஐரோப்பிய வழிகாட்டல் இரண்டையே போதுமென்று எடுக்கிறது. பிரித்தானியாவில் கணக்கு மூன்று, ஆனால் சந்தேகம் இருந்தால் இரண்டிலேயே தொடங்கலாம். டோர்ச்சை விடுங்கோ, திரும்பத் திரும்பக் கலைவதற்குக் காரணம் தேட அது உதவாது.

அனுப்பமுதல் பழைய ஸ்கான் ரிப்போட்டுகளையும் டயக்னோசிஸ் காட்டையும் சேர்த்துக் கட்டுங்கோ. மாதவிடாய்க் கணக்கில் 9 கிழமை, ஸ்கானில் 6 கிழமை அளவு என்றால் கரு எப்பவோ நின்றிருக்கிறது. இதயத்துடிப்பு ஒருதரமாவது தெரிந்ததா, வெறும் பையா என்பதும் வேணும். "டி அன்ட் சி (கருப்பையைச் சுத்தம் செய்வது) செய்தது" என்ற ஒற்றை வரியை வைத்து ஒண்டும் சொல்லேலாது.

அடிப்படை இவ்வளவுதான்: அன்ரிபொஸ்போலிப்பிட் எதிருடல்கள் (இரத்தத்தை உறையவைத்துக் கருவைக் கலைக்கக்கூடியவை), டி.எஸ்.எச். (தைரொயிட் வேலையைப் பார்ப்பது), தைரொயிட் எதிருடல், கருப்பை ஸ்கான். சீனி வருத்தம் சந்தேகமென்றால் எச்.பி.ஏ.1.சி. என்ற சீனிச் சோதனையும். கருப்பைக்குள் தடுப்புச் சுவர் இருந்தால் சாதாரண ஸ்கானில் தவறிவிடும். யோனிவழி 3டி ஸ்கான் நல்லது, அதுவும் மாதவிடாய்ச் சுற்றின் பின்பாதியில், உட்சவ்வு தடித்திருக்கும்போது. சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரேயில் உட்குழி மட்டும்தான் தெரியும். தடுப்புச் சுவரா, இரட்டைக் கொம்புக் கருப்பையா என்று அதால் பிரிக்கேலாது.

நீலமூடி (லாப்):
பிழை கூட நடக்கிற இடம் லூபஸ் அன்ரிகோகுலன்ற், அன்ரிபொஸ்போலிப்பிட் சோதனைகளில ஒண்டு. சிற்றேற் (ரத்தம் உறையாமல் தடுக்கிற மருந்து) உள்ள நீல மூடிக் குழாயைக் கோடு வரைக்கும் நிரப்பவேணும், சிற்றேற் 1க்கு ரத்தம் 9 விகிதம். குறைஞ்சால் முடிவு பிழைக்கும். 4 மணித்தியாலத்துக்குள்ள ரெண்டு தரம் மெசினில சுத்தி, பிளேற்லெற் இல்லாத பிளாஸ்மாவைப் பிரிச்சு உறைய வைக்கவேணும். முழு ரத்தத்தை முல்லைத்தீவில எடுத்து பரந்தன் வீதியால பஸ்ஸில யாழ்ப்பாணம் அனுப்பினால் வீண். ஆளையே அனுப்புங்கோ. ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கிற) ஊசி போடுறவையெண்டால் படிவத்தில எழுதுங்கோ.

கரு கலைஞ்சு 6 கிழமைக்குள்ள இந்த ரத்தத்தை எடுக்க வேண்டாம். பொசிற்றிவ் வந்தால் 12 கிழமை கழிச்சுத் திரும்பச் செய்யவேணும், ஏனெண்டால் ஒரு தொற்றுக் காய்ச்சலே தற்காலிகமாக ஏத்திவிடும். அதே கூட்டத்தில இன்னொண்டான காடியோலிப்பின் எதிருடல் 40 யூனிற்றுக்கு மேல, ரெண்டு தரமும் இருந்தால்தான் கணக்கு.

கிளினிக்கொப்பி:
கலைஞ்ச சதையை வீட்டிலயிருந்து கொண்டு வருகினம். அதை என்ன செய்யிறது?

நீலமூடி:
குரோமோசோம் பாக்கிறதெண்டால் கிருமி நீக்கிய சேலைனில போட்டு, குளிராக வைச்சு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு. உறைய வைக்கப்படாது. போமலினில போட்டால் கலம் செத்துப்போம், பிறகு வளர்க்கேலாது. போமலின் திசு நோயியல் சோதனைக்கு மட்டும். இதில ஒரு துண்டு, அதில ஒரு துண்டு எண்டு பிரிக்கிறதுதான் புத்தி. தாய் தகப்பன்ர குரோமோசோமுக்குப் பச்சை மூடி, சோடியம் ஹெப்பாரின் குழாய்.

வோட்டுக்கோட்:
தாய் தகப்பனில் சமநிலை இடமாற்றம் (குரோமோசோம் துண்டுகள் கூடிக்குறையாமல் இடம் மாறியிருப்பது) கிடைப்பது நூறு சோடிகளில் 2 முதல் 5 வரைதான். சதையில் கோளாறு தெரிந்தால் அல்லது குடும்ப வரலாறு இருந்தால் கேளுங்கோ.

அன்ரிபொஸ்போலிப்பிட் எதிருடல் உறுதியானால் அஸ்பிரின் 75 மில்லிகிராமும் ஹெப்பாரின் ஊசியும், நிபுணரின் கையால். முன்பு கலைந்தவ அடுத்த கர்ப்பத்தில் இரத்தம் காட்டினால், ஸ்கானில் கரு கருப்பைக்குள் என்று தெரிந்தபின், புரொஜெஸ்ரெரோன் (கர்ப்பத்தைத் தாங்கும் ஹோர்மோன்) 400 மில்லிகிராம் நாளுக்கு இருதரம் யோனிவழி, துடிப்புத் தெரிந்தால் 16 கிழமை வரைக்கும். இரத்தம் காட்டாதவைக்குச் சும்மா எழுதிக்கொடுக்கிற பழக்கம் இருக்கே, அதுக்கு ஆதாரம் மெலிசு.