புதுப்பிப்பு: மானிடவியல் படிப்பவள் விண்வெளிக்குப் போக முடியுமா?

மூன்று மாதத்துக்கு முன்னால், மானிடவியல் முதுகலை படிக்கும் எனக்கு விண்வெளிக் குழுவில் சேர வழி உண்டா என்று கேட்டிருந்தேன். "முதலில் விதிமுறையைப் படி" என்றீர்கள், படித்துவிட்டேன். நாசாவுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், அறிவியல் அல்லது பொறியியல் சார்ந்த முதுகலை வேண்டும், மானிடவியல் கணக்கில் வராது. ககன்யானுக்குத் தேர்வான நால்வருமே விமானப்படை விமானிகள். சரி, அந்தக் கதவு இப்போதைக்குச் சாத்தியிருக்கிறது.

ஆனால் உங்களில் ஒருவர் சொன்ன விண்வெளித் தொல்லியல் (விண்வெளியில் மனிதர்கள் பயன்படுத்திய பொருள்களையும் இடங்களையும் ஆராயும் துறை) பக்கம் போனால், அடேயப்பா! ஆலிஸ் கோர்மன், ஜஸ்டின் வால்ஷ் என்ற இரு தொல்லியலாளர்கள் பூமியில் உட்கார்ந்தபடியே, ஒரு பிடி மண் தோண்டாமல், சர்வதேச விண்வெளி நிலையத்தில் அகழாய்வு நடத்தியிருக்கிறார்கள். 2022இல் அங்கிருந்த வீரர்கள் ஆறு இடங்களில் ஒட்டுநாடாவால் சதுரம் கட்டி 60 நாள் தினமும் படம் எடுத்தார்கள், அந்தப் படங்களை இவர்கள் ஆராய்ந்ததில் பராமரிப்பு வேலைக்கென்று ஒதுக்கிய இடம் பெரும்பாலும் சாமான் மாட்டி வைக்கத்தான் பயன்பட்டது தெரிந்தது (எங்கள் வீட்டுத் தையல் மிஷின் ஞாபகம் வந்தது).

ஆய்வுத் தலைப்பை இந்தப் பக்கம் மாற்றலாமா என்று நெறியாளரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.