அமெரிக்கன் பேங்க்கர் இதழ் எதற்காகத் தொடங்கப்பட்டது?

கேள்வி: வங்கித் தொழிலுக்கென்றே வரும் ‘அமெரிக்கன் பேங்க்கர்’ இதழின் வேர் 1830களுக்குப் போகிறதாமே. அந்தக் காலத்தில் வங்கிக்காரர்களுக்கென்று தனியாக ஒரு பத்திரிகை எதற்கு?

பதில் 1: வங்கிக்காரர்களுக்கு மட்டுமில்லை நண்பரே, கடைக்காரர்களுக்கும் அது வேண்டியிருந்தது. அப்போது ஒவ்வொரு மாநிலத்திலும் தனியார் வங்கிகளே நோட்டு அச்சடித்தன. நியூயார்க் கடையில் ஒருவர் ஓஹியோ வங்கியின் 5 டாலர் நோட்டை நீட்டினால், அந்த வங்கி இன்னும் இருக்கிறதா, முகமதிப்பில் எவ்வளவு கழிக்கணும், அதில் கள்ளநோட்டு உலவுகிறதா என்று பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கல்லாவில் போடுவார்கள். ஜான் தாம்சன் நடத்திய ‘பேங்க் நோட் ரிப்போர்ட்டர்’ அப்படியொரு பட்டியல். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்த இதழ்.

பதில் 2: அந்தத் தாம்சன் சாதாரண ஆள் இல்லை. 1863இல் நாடு முழுக்க ஒரே மாதிரி நோட்டுக்கு வழி செய்த தேசிய வங்கிச் சட்டம் வந்ததும் நியூயார்க்கில் ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க், அப்புறம் 1877இல் சேஸ் நேஷனல் பேங்க் என இரண்டு வங்கிகளைத் தொடங்கினார். லிங்கனின் நிதியமைச்சர் சால்மன் சேஸ் நினைவாக வைத்த அந்தப் பெயர் இன்றும் ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் பெயரில் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்: அருமை, நன்றி. நாடு முழுக்க ஒரே மாதிரி நோட்டு வந்ததும் பட்டியலுக்கு வேலை போயிருக்குமே?

பதில் 1: போனது. மாநில வங்கி நோட்டுகளுக்கு 10 சதவீத வரி போட்டதும் அவை சீக்கிரமே மறைந்தன. இதழ் செய்திப் பக்கம் திரும்பியது, 1880களில் இன்றைய பெயர் வந்தது. இப்போது கட்டுப்பாட்டு விதிகள், வங்கி இணைப்புகள் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள்.