ஜன்னல் கண்ணாடியில் தானாக விழுந்த விரிசல்: ஒட்டினால் போதுமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மொட்டைமாடி:

நண்பர்களே, படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் விரிசல் விட்டிருக்கிறது. யாரும் கல் எறியவில்லை, பந்து படவில்லை, காலையில் திரையை விலக்கினால் கோடு நிற்கிறது. மரச் சட்டம், திறக்காத ஒற்றைக் கண்ணாடி, சுமார் மூன்றடிக்கு இரண்டடி. விரிசல் கீழ் ஓரத்தில் தொடங்கி ஒரு விரல் நீளத்துக்கு நேராக மேலே போய், அப்புறம் வளைந்து நெளிந்து ஒரு சாண் தூரம் ஓடியிருக்கிறது. கோடு முடியும் இடத்தில் மார்க்கரால் புள்ளி வைத்தேன், இப்போது அதையும் தாண்டிவிட்டது. மேற்குப் பார்த்த ஜன்னல், வெயில் தாங்காமல் சமீபத்தில்தான் உள்பக்கம் கருப்பு பிலிம் ஒட்டினோம், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

வீட்டில் நெயில் பாலிஷ் தடவினால் போதும் என்கிறார்கள். நண்பன் ஒருவன் விரிசல் நுனியில் சின்ன ஓட்டை போட்டால் அத்தோடு நின்றுவிடும் என்கிறான். வீடியோக்களில் விரிசலுக்குள் ரெசின் என்று ஏதோ இறுகும் பிசின் விடுகிறார்கள். எது சரி? மாற்றுவதென்றால் நானே செய்ய முடியுமா? ட்ரில், உளி, சுத்தியல் எல்லாம் கையில் இருக்கிறது, கண்ணாடி வேலை மட்டும் தொட்டதில்லை.

ரசமட்டம்:

பிலிம்தான் காரணம் என்று பந்தயமே கட்டலாம். அடி பட்டு உடைந்தால் பட்ட இடம் ஒரு புள்ளியாகத் தெரியும், அங்கிருந்து நாலா பக்கமும் கோடு கிளம்பும். உங்களுடையது ஓரத்திலிருந்து, அதுவும் ஓரத்துக்குச் செங்குத்தாகக் கிளம்பி, அப்புறம் தன் இஷ்டத்துக்கு வளைகிறது. வெப்பத்தில் விட்ட விரிசல் இப்படித்தான் இருக்கும். கருப்பு பிலிம் வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியின் நடுப்பகுதியைச் சூடாக்குகிறது, சட்டத்துக்குள் செருகியிருக்கும் ஓரமோ வெயில் படாமல் குளிர்ந்தே கிடக்கிறது. நடு விரியப் பார்க்கும், ஓரம் விடாது, கடைசியில் ஓரம்தான் இழுபடும். கண்ணாடி எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும், இழுத்தால் தாங்காது. சாதாரணக் கண்ணாடிக்கு நடுவுக்கும் ஓரத்துக்கும் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வித்தியாசம் வந்தாலே ஆபத்து, வெட்டிய ஓரத்தில் மூளி இருந்தால் அதற்கு முன்பே விட்டுவிடும். பீடிங்கை, அதாவது கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் மெல்லிய மரப்பட்டையைக் கழற்றும்போது விரிசல் தொடங்கிய இடத்தை உற்றுப் பாருங்கள், அநேகமாக அங்கே ஒரு சிராய் பெயர்ந்திருக்கும், அல்லது ஏதாவது ஆணி முட்டிக்கொண்டிருக்கும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுக் கண்ணாடி போட்டால் அதுவும் இதே கதிதான்.

ஓட்டை யோசனை உலோகத் தகட்டுக்குச் சரி. நுனி கூராக இருப்பதால்தான் விசை முழுவதும் அங்கே போய்க் குவிகிறது, வட்ட ஓட்டை அதைப் பரவலாக்கும். அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் வீட்டு ட்ரில்லை வைத்துக் கண்ணாடியில், அதுவும் ஏற்கெனவே விரிசல் விட்ட கண்ணாடியில் ஓட்டை போட்டால் ஓட்டையின் விளிம்பெல்லாம் பொடிப்பொடியாகப் பெயரும், ஒரு விரிசல் இருந்த இடத்தில் நாலு இருக்கும். தயவுசெய்து வேண்டாம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: அகலமான பேக்கிங் டேப்பை இரண்டு பக்கமும் விரிசலின் நீளத்துக்கு ஒட்டுங்கள், குறுக்கே சில பட்டைகள் போடுங்கள். பிலிமை இப்போது உரிக்காதீர்கள், உடைந்தால் துண்டுகளைக் கொஞ்சமாவது பிடித்துவைக்கும். ஏசி காற்று நேராகக் கண்ணாடியில் அடிக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் விரிசலை ஒட்டப் பார்ப்பது வீண் வேலை, மாற்றிவிடுங்கள்.

ஸ்பேனர் அக்கா:

ரசமட்டம் அண்ணா சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஓடும் விரிசல் வேறு, நின்றுபோன விரிசல் வேறு. ஸ்டோர் ரூம் ஜன்னல், பரண் பக்கத்துச் சின்னக் கண்ணாடி, யாரும் சாயாத இடம் என்றால் ரெசின் நன்றாகவே நிற்கும். கார் முன்கண்ணாடிக்கு விற்கும், வெயிலின் புற ஊதாக் கதிரில் இறுகும் யூவி ரெசின் அல்லது தண்ணீர் போல ஓடும், இரண்டு பாகத்தைக் கலந்து பயன்படுத்தும் எபாக்ஸி பசை வாங்குங்கள், கெட்டியான எபாக்ஸி உள்ளேயே போகாது. ஃபெவிக்விக் வகையும் இறங்கும், ஆனால் காயும்போது கோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும், பார்க்கச் சகிக்காது. நெயில் பாலிஷ் மேலாக மூடுமே தவிர உள்ளே பிடித்துக்கொள்ளாது. அழுக்கு ஏறாமல் இருக்க வேண்டுமானால் அது போதும்.

பலரும் கெடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. முதல் வேலையாக ஈரத் துணியால் துடைத்துவிடுவார்கள். தண்ணீர் விரிசலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் ரெசினுக்கு இடமே இல்லை. தண்ணீர் இன்னொரு வேலையும் செய்கிறது, நுனியில் இருக்கும் சிலிக்கான் ஆக்சிஜன் பிணைப்பை அறுத்துக் கொடுத்து விரிசலை மெல்ல முன்னே தள்ளும். அதனால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து நன்றாக உலர விடுங்கள். மழைக்காலம் என்றால் வெயில் வரும்வரை பொறுத்திருங்கள்.

அப்புறம் விரிசலின் மேல் ஒரு முனையில் ஒரு சொட்டு வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். தேய்க்க வேண்டாம், அழுத்த வேண்டாம். அதுவாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். வெள்ளிக் கம்பி போல மின்னிய கோடு ரெசின் போகப் போக அணைந்துகொண்டே வரும், எங்கே இன்னும் மின்னுகிறதோ அங்கே இன்னும் போகவில்லை என்று அர்த்தம், அங்கே இன்னொரு சொட்டு வையுங்கள். ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் கண்ணாடிக்குச் சுமார் 1.52, எபாக்ஸியும் ஏறக்குறைய அதே அளவு, அதனால்தான் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. காய்ந்ததும் மேலே நிற்பதை ப்ளேடைப் படுக்கவைத்துச் சுரண்டி எடுத்துவிடலாம். யூவி ரெசின் என்றால் ஒட்டி முடிக்கும்வரை வெயில் படாமல் மறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதி வழியிலேயே இறுகிவிடும்.

சும்மா வந்தவன்:

எங்கள் வீட்டு பாத்ரூம் ஜன்னலில் டேப் ஒட்டி வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

ரசமட்டம்:

தலைக்கு மேல் இருக்கும் ஒரு சாண் வெண்டிலேட்டர் என்றால் ஓடட்டும். படுக்கைக்குப் பக்கத்தில் மூன்றடிக் கண்ணாடிக்கு அந்தத் தைரியம் எனக்கு இல்லை. அக்கா சொன்ன ரெசின் முறை சரிதான், அதில் சண்டை இல்லை, ஆனால் இவருடைய விரிசல் ஓரத்திலிருந்து வருகிறது, ஓரம் சட்டத்துக்குள் இருக்கிறது, ரெசின் அங்கே போய்ச் சேராது.

மொட்டைமாடி:

எல்லோருக்கும் நன்றி. டேப் ஒட்டிவிட்டேன். கீழ் பீடிங்கை மட்டும் மெதுவாக நெம்பிப் பார்த்தேன், விரிசல் தொடங்கும் இடத்தில் நகக்கண் அளவுக்குச் சிப்பி வடிவில் பெயர்ந்திருக்கிறது, அதற்கு நேராகப் பீடிங் ஆணி ஒன்று சாய்வாக இறங்கிக் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஆக ஆணியும் பிலிமும் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன.

மாற்றிவிடுவது என்று முடிவு. கண்ணாடி முழங்கால் உயரத்தில் தொடங்குகிறது, குழந்தைகள் கட்டிலில் ஏறி அதில் சாய்வதும் உண்டு. என்ன கண்ணாடி கேட்பது, அளவு எப்படி எடுப்பது?

ரசமட்டம்:

அந்த உயரத்தில் சாதாரணக் கண்ணாடி இருந்ததே தப்பு. டஃபன்டு (சூளையில் வைத்துப் பலமாக்கியது) அல்லது லேமினேட்டட் (இரண்டு கண்ணாடியை நடுவில் படலம் வைத்து ஒட்டியது) போடுங்கள். டஃபன்டு உடைந்தால் கல்கண்டு போலச் சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும், நீளக் கத்தி போன்ற துண்டு வராது. லேமினேட்டட் உடைந்தாலும் நடுவில் உள்ள பிளாஸ்டிக் படலத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். உங்களுக்கு வெயில் பிரச்சினையும் இருப்பதால் டஃபன்டு நல்லது, 200 டிகிரி வித்தியாசம் வரை தாங்கும், பிலிம் ஒட்டினாலும் கவலை இல்லை. ஒரே ஒரு விஷயம், டஃபன்டு கண்ணாடியை அளவாக வெட்டி, ஓரம் தேய்த்து, அதன் பிறகுதான் சூளையில் வைப்பார்கள். வந்த பிறகு ஒரு மில்லிமீட்டர்கூட வெட்ட முடியாது, வெட்டப் போனால் மொத்தமும் பொடி. ஆகவே அளவில்தான் எல்லாம் இருக்கிறது.

பழைய கண்ணாடியை அளக்காதீர்கள், அது உட்கார்ந்திருந்த காடியை, அதாவது சட்டத்தில் வெட்டியிருக்கும் பள்ளத்தை அளந்து எடுங்கள். அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் பாருங்கள், உயரத்தையும் அப்படியே. மரம் நேராக இருக்கும் என்று நம்பவே கூடாது. மூன்றில் சிறியதை வைத்துக்கொண்டு அதிலிருந்து 3 மில்லிமீட்டர், அதாவது தச்சர் கணக்கில் ஒரு நூல், குறைத்துச் சொல்லுங்கள். இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் அதிகம் என்றால் சட்டம் கோணியிருக்கிறது, அப்போது அட்டையில் அதே வடிவத்தில் மாதிரி வெட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. இடைவெளி விடாமல் இறுக்கமாகச் செருகினால் மழைக்கு மரம் ஊதும்போது கண்ணாடியை நெருக்கும்.

எடை: ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 2.5 கிலோ. உங்களுடையது 5 மில்லிமீட்டரில் ஏறக்குறைய 7 கிலோ வரும். ஒருவர் தூக்கலாம், ஆனால் வைத்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும்.

கழற்றும்போது கண்ணாடி முழுவதும் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிவிடுங்கள். தடித்த கையுறை, கண்ணுக்குக் கவசம், காலில் ஷூ. பீடிங்கும் சட்டமும் சேரும் கோட்டில் பெயின்டை ப்ளேடால் கீறிவிட்டு, நீளமான பீடிங்கின் நடுவிலிருந்து பட்டைக் கத்தியால் நெம்புங்கள். நடுவில் வளைந்து கொடுத்து மூலை தானாக வெளியே வரும், மூலையில் தொடங்கினால் பீடிங் முறியும். கண்ணாடி கீழே சரியும் என்பதால் மேல் பீடிங்கைக் கடைசியில் எடுங்கள். காடியைச் சுத்தம் செய்து, பழைய ஆணி நுனிகளை எல்லாம் குறடால் பிடுங்கி எறிந்துவிட்டு, வெறும் மரம் தெரியும் இடத்தில் பிரைமர் அடியுங்கள். கீழே இரண்டு இடத்தில் சின்ன ரப்பர் துண்டு வைத்து அதன் மேல் கண்ணாடியை உட்கார வையுங்கள், டஃபன்டு கண்ணாடிக்கு முகத்தைவிட ஓரமும் மூலையும்தான் பலவீனம், வெறும் தரையில் ஒரு மூலை இடித்தால் போதும். புதுப் பீடிங் அடிக்கும்போது ஆணியை மரத்தின் பக்கம் சாய்த்து, கண்ணாடியை ஒட்டி அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டு அடியுங்கள்.

வந்த கண்ணாடி நிஜமாகவே டஃபன்டுதானா என்று சந்தேகம் வந்தால் மூலையில் முத்திரை இருக்கிறதா பாருங்கள், போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ தெரியும்.

ஸ்பேனர் அக்கா:

ஓர இடைவெளியை அடைக்கச் சிலிகான் பசை போடுவதாக இருந்தால் நியூட்ரல் க்யூர் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வினிகர் வாசனை அடிக்கும் வகை லேமினேட்டட் கண்ணாடியின் ஓரத்தையும், இரட்டைக் கண்ணாடியின் சீலையும் அரித்துவிடும். உடைந்த கண்ணாடியைப் பாட்டில்களோடு போடாதீர்கள், ஜன்னல் கண்ணாடியின் கலவை வேறு. டேப்போடு அப்படியே மடித்து, தடித்த அட்டையில் சுற்றி, மேலே பெரிதாக எழுதிக் கொடுங்கள், குப்பை எடுப்பவர் கையைக் கிழிக்கும்.

சும்மா வந்தவன்:

சரி, நானும் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன். என்னுடையது இரும்பு ஜன்னல், பீடிங் கிடையாது, கண்ணாடியைப் பிடிக்க ஓரத்தில் பட்டி என்ற மாவு போன்ற பசை வைத்துப் பூசியது. அதே பாத்ரூம் ஜன்னல்தான். மூலையில் துரு ஊதிக்கொண்டு நிற்கிறது.

ரசமட்டம்:

உங்கள் விரிசலுக்கும் அதுதான் காரணம். இரும்பு துருப்பிடித்தால் இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், கண்ணாடிக்கு ஒதுங்க இடம் இருக்காது. அந்த மூலையில் பட்டியை உளியால் சிறிது சிறிதாகப் பெயர்த்து எடுங்கள், ஹீட் கன் வைத்து இளக்குகிறேன் என்று பக்கத்துக் கண்ணாடியையும் விரிசல் விட வைக்காதீர்கள். பழைய வீடு என்றால் பெயின்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரமாக்கித் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். துரு முழுவதும் போன பிறகு துரு எதிர்ப்பு பிரைமர், அது காய்ந்த பிறகு கண்ணாடி, அதன் பிறகு பட்டி. ஆளிவிதை எண்ணெய்ப் பட்டி என்றால் மேலே தோல் கட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை பெயின்ட் அடிக்காதீர்கள். அடிக்கும்போது பெயின்ட் பட்டியைத் தாண்டிக் கண்ணாடி மேல் 2 மில்லிமீட்டர் ஏறட்டும், அந்த ஓரத்தைச் சுரண்டிச் சுத்தமாக்கினால் மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும்.