புதுப்பிப்பு: மச்சாள் தந்த மெலிவுக் குளிசை

மீன் குழம்புக்குப் போடும் கொறுக்காய்ப்புளிச் சாற்றில் செய்ததாம், மெலியலாமாம் என்று மச்சாள் தந்த குளிசையை விழுங்கலாமா எனச் சென்ற மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் "மூலிகைதானே" என்றீர்கள். விழுங்கினேன்.

நான்காம் இரவு நெஞ்சு படபடத்தது, நாக்கு வறண்டது, தூக்கமே இல்லை. பசியும் இல்லை, அதில்தான் ஏமாந்தேன். டொக்டர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தயாரித்தவர் முகவரியும் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை. இப்படிப்பட்ட 'மூலிகை'களில் பசியை அடக்கும் சிபுட்ரமைன் என்ற மருந்தை ஒளித்துக் கலப்பதுண்டு. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து நீக்கப்பட்ட மருந்து அது. என் போத்தலை யாரும் பரிசோதிக்கவில்லை, குப்பையில் போட்டுவிட்டேன்.

மெலிய வைக்கும் என்று சொல்லப்படும், கொறுக்காயிலுள்ள ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலமும் பெரிய சூரனில்லை. 1998இல் வெளியான, 135 பேரை வைத்துச் செய்த 12 வார ஆய்வில், மருந்தில்லாத வெற்றுக் குளிசையைவிட அது குறிப்பிடத்தக்க அளவு எடையைக் குறைக்கவில்லை. அம்மாவின் சூரைமீன் குழம்போடு கொறுக்காய் நிற்கட்டும்.

நிறுத்திய மூன்றாம் நாள் படபடப்பு அடங்கியது. இப்போது மாலையில் கோணேசர் கோயில் ஏற்றம்வரை நடக்கிறேன். இறங்கும்போது கடலை வாங்காமல் வருவதுதான் கடினம். மச்சாளிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டாவது போத்தலுக்குப் பணம் கேட்டிருக்கிறாள்.