ஹேக் மாநாடுகளால் என்ன மிஞ்சியது?

கேள்வி: வழிப்போக்கன்
தேர்வுக்கு சர்வதேசச் சட்டம் படிக்கிறேன். நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1899, 1907-ல் நடந்த அமைதி மாநாடுகளில்தான் எல்லாம் தொடங்கியது என்கிறார்கள். ஆனால் ருஷ்யப் பேரரசர் ஜார் இரண்டாம் நிக்கோலஸ் கூட்டியதே ஆயுதக் குறைப்புக்காக. அது நடக்கவில்லை, 1914-ல் உலகப் போரே வந்துவிட்டது. அப்புறம் என்ன மிஞ்சியது?

பதில்: பழைய வாத்தியார்
பல வருடம் இந்தப் பாடம் நடத்தியவன். இதே கேள்வி வரும்போதெல்லாம் ஒரே பத்தியைத்தான் திறந்து காட்டுவேன்: 1899 மாநாட்டில் உருவான தரைப்போர் உடன்படிக்கையின் முகவுரை.

பகைவர் படை ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்டது, உள்ளூர்க்காரர் ஒருவர் துப்பாக்கி எடுத்து எதிர்க்கிறார் என்று வையுங்கள். அவர் போர்வீரரா, சுட்டுக் கொல்லத்தக்க குற்றவாளியா? பெரிய படை வைத்திருந்த நாடுகள் குற்றவாளி என்றன. பெல்ஜியம் போன்ற சிறிய நாடுகள் விட்டுக்கொடுக்கவில்லை, அடி வாங்கப்போவது அவர்கள் மக்கள்தானே. பேச்சு முட்டி நின்றது. அப்போது ருஷ்யப் பிரதிநிதி மார்ட்டன்ஸ் ஒரு வாசகம் கொண்டுவந்தார். விதிகளில் சொல்லாமல் விட்ட இடங்களிலும் மக்களுக்கும் போரிடுவோருக்கும் நாகரிக நாடுகளின் வழக்கம், மனிதநேயம், பொது மனசாட்சி ஆகியவற்றிலிருந்து வரும் நெறிகள் காவல் நிற்கும் என்பது அதன் சாரம்.

அந்தச் சண்டை தீரவில்லை. ஆனால் 'தடை என்று எழுதவில்லை, அதனால் செய்யலாம்' என்ற வாதம் அடிபட்டுப்போனது. 1996-ல் அணு ஆயுதம் பற்றிக் கருத்துச் சொன்னபோது சர்வதேச நீதிமன்றம் இந்த வாசகத்தைத்தான் எடுத்து வைத்தது. எனக்கு இன்றும் சிலிர்க்கிற இடம் அது.

பதில்: வடகடல்
இன்னொன்றும் உண்டு. 1904 அக்டோபரில் வடகடலில், ஜப்பானோடு போரில் இருந்த ருஷ்யாவின் கப்பற்படை, ஜப்பானியப் படகுகள் என்று நினைத்து பிரிட்டிஷ் மீன்பிடிப் படகுகளைச் சுட்டது. மீனவர்கள் இறந்தார்கள். பிரிட்டனுக்கும் ருஷ்யாவுக்கும் போர் மூளும் நிலை. 1899-ல் வகுத்த விசாரணை ஆணைய முறைதான் கைகொடுத்தது. ஆணையம் பாரிஸில் கூடியது, ருஷ்யா நஷ்டஈடு கொடுத்தது.

வழிப்போக்கன்:
சரி, புரிகிறது. ஆனால் 'நாகரிக நாடுகள்', 'பொது மனசாட்சி' என்றால் யாருடையது ஐயா?

பழைய வாத்தியார்:
கேட்க வேண்டிய கேள்வி. 1899-ல் வந்தவை 26 நாடுகள், ஆப்பிரிக்காவிலிருந்து ஒன்றுகூட இல்லை. 1907-ல் 44 நாடுகள் கூடின. ஜப்பானின் பிடியிலிருந்த கொரியாவின் அரசர் கோஜோங் மூன்று தூதர்களை அனுப்பினார். அவர்களை மாநாட்டுக்குள் விடவில்லை. அவர்களில் ஒருவரான யி ஜுன், அந்த ஜூலையில் ஹேக்கிலேயே இறந்துபோனார்.