அப்பாவின் பைக்கில் கட்டாமல் விட்ட வேக அபராதம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் பைக்கைத் தம்பி பெயருக்கு மாற்றப் போனபோதுதான் தெரிந்தது, அதன் மேல் ஓர் இ-சலான் (இணையவழி அபராதச் சீட்டு) நிலுவையில் இருக்கிறது. சென்னையில் பைக்குக்கு வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். குடியிருப்புத் தெருக்களில் 30. அப்பா அதைத் தாண்டியதைக் கேமரா பிடித்திருக்கிறது. அபராதம் 1,000 ரூபாய். அவருடைய பழைய பட்டன் போனில் தேடினேன். சிலிண்டர் பதிவுக்கும் மின்கட்டணத்துக்கும் வந்த குறுஞ்செய்திகளுக்கு நடுவே, சலான் பற்றிய செய்தி திறக்கப்படாமலே கிடந்தது. ஆர்.சி.யில் இருப்பதோ நாங்கள் எப்போதோ காலி செய்த பெரம்பூர் வீட்டு முகவரி.

நிலுவையைத் தீர்க்காமல் பெயர் மாற்றம் நடக்காது என்கிறார்கள். போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் கட்டப் போனால், வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டதாகக் காட்டுகிறது. இப்படி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: அங்கேயே இணையத்தில் கட்டி முடித்துவிட முடிந்ததா? கட்டிய பிறகு நிலுவை நீங்க எத்தனை நாள் ஆனது?

பணம் கட்டத் தயாராகத்தான் இருக்கிறோம். ஆனால் அப்பாவுக்கு 68 வயது. கோர்ட் என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவர் நேரில் போக வேண்டியிருக்குமா? இதை மட்டுமாவது உடனே சொல்லுங்கள்.